ஒன்பது மாதம் நின்ற மோட்டார்

திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு நாடியக்கா ஒன்றாம் நம்பர் மோட்டாரின் முதுகிலிருந்து சென்சாரைப் பிடுங்கினாள். பிடுங்கிய கையோடு துணியால் அந்த இடத்தைத் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தாள். காந்தம் டக்கென்று ஒட்டிக்கொண்டது. முப்பது வினாடி மூச்சைக்கூட அளந்து விட்டாள். மீட்டர் திரையில் வந்த எண் மாறவில்லை. பதினொன்று.

அச்சைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங் நன்றாக இருந்தால் அந்த அதிர்வு எண் இரண்டைத் தாண்டாது. போன மாதம் மூன்று, பதினைந்து நாளைக்கு முன்னால் ஐந்து, இன்று பதினொன்று. எண்ணுக்குக் கீழே கோடுகள் சீப்பின் பல்லைப் போலச் சம இடைவெளியில் நின்றன. பேரிங்கின் வெளி வளையத்தில் எங்கோ ஓரிடத்தில் தோல் உரிந்திருக்கிறது, உள்ளே உருளும் ஒவ்வொரு குண்டும் அதைக் கடக்கும்போது ஒரு முறை இடித்துவிட்டுப் போகிறது என்று அதற்கு அர்த்தம்.

அந்தப் பம்பு அறை தரைக்குக் கீழே இரண்டு மாடி ஆழத்தில் இருந்தது. ஊரின் பாதிக் கழிவுநீர் சுவருக்கு அந்தப் பக்கமிருந்த பெருங்கிணற்றில் வந்து விழும். அதை மேலே ஏற்றித் தள்ள இரண்டு மோட்டார்கள். ஒன்று ஓடும், மற்றது நிற்கும். ஓடுவது படுத்துவிட்டால் நிற்பது எழுந்துகொள்ள வேண்டும். இரண்டும் சேர்ந்து படுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று இறக்கத்துத் தெருவில் போய்க் கேட்டால் தெரியும். எண்பது வீடுகள். கிணற்றின் மட்டம் நாலரை மீட்டரைத் தாண்டினால் அந்த வீடுகளின் குளியலறைக் குழிகள் வாந்தியெடுக்கத் தொடங்கும். மூன்று வருடத்துக்கு முன் ஒரு தடவை எடுத்தது. சோற்றுப் பானை மிதந்த வீடுகள் உண்டு.

அன்று மாலை பெருமழை என்று வானிலை அறிக்கை சொல்லியிருந்தது.

நாடியக்காவுக்கு அந்தப் பேர் தொழிலாளிகள் வைத்தது. மோட்டாருக்கு நாடி பிடிக்கிறவள் என்பதால். அவளுடைய வேலை அதுதான். ஊரிலுள்ள பதினாறு பம்பு அறைகளையும் மாதம் ஒரு சுற்றும், எண் ஏறினால் நடுவிலும் வந்து, ஓடுகிற மோட்டார் ஒவ்வொன்றின் அதிர்வையும் அளந்து, எது சீக்கிரம் படுக்கப் போகிறது என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். இந்த வேலைக்கு அவள் நேர்வழியில் வரவில்லை. பத்தாம் வகுப்போடு நின்றவள், தலைமை அலுவலகத்தில் எண் எழுதுகிற வேலைக்குச் சேர்ந்தாள். வேறு யாரோ அளந்து வந்த எண்களைப் பதிவேட்டில் ஏற்றுகிற வேலை. பதினொரு வருடம் எழுதினாள். ஒருநாள், தன் கையெழுத்திலேயே ஒரு மோட்டாரின் எண் மாதத்துக்கு மாதம் படியேறிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுப் போய்ச் சொன்னாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூன்று வாரம் கழித்து அந்த மோட்டார் உடைந்து அச்சு வளைந்தது. அதற்கப்புறம்தான் மீட்டரை அவள் கையில் கொடுத்தார்கள். வீட்டுக்காரர் பேருந்து நடத்துனர்; அவர் பகல் வண்டிக்குப் போய்விட்டு மாலையில் வீட்டைப் பார்த்துக்கொள்ள, இவள் மாலை வகுப்பில் உட்கார்ந்து, மகள் ஏழாம் வகுப்பு படித்த வருடம் டிப்ளமோ வாங்கினாள். மகளின் சான்றிதழும் அம்மாவின் சான்றிதழும் ஒரே பிளாஸ்டிக் உறையில் இருக்கின்றன.

ஆனால் போன வருடம் அவள் கை சறுக்கியது. வேறொரு பம்பு அறையில் ஒரு மோட்டாரை நிறுத்தச் சொன்னாள். பேரிங்கை எடுத்து அறுத்துப் பார்த்தார்கள். கண்ணாடி மாதிரி இருந்தது. கடைசியில் பார்த்தால் மோட்டாரின் காலில் ஒரு போல்ட் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். அன்றிலிருந்து அவள் படியிறங்கும் சத்தம் கேட்டாலே "பொய்க்காய்ச்சல் வருது" என்று யாராவது ஒருவர் முணுமுணுப்பார்.

"இன்னிக்கே மாத்திடணும் சார்," என்றாள்.

மேற்பார்வையாளருக்கு எதைச் சொன்னாலும் "ஆகட்டும், பாக்கலாம்" என்று சொல்கிற வழக்கம். அதனால் அவர் பேர் ஆகட்டும் சார். அன்று மட்டும் அவர் அதைச் சொல்லவில்லை.

"இன்னிக்கா? சாயங்காலம் மழைங்கிறான். மழை விட்டு மாத்தலாமே."

"மழையிலதான் சார் இது முழு பாரம் இழுக்கும். அப்பத்தான் உடையும்."

மோட்டார்களைப் பழுது பார்க்கும் பிட்டர் தன் நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை மோட்டாரில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது வயது. அவரை வரிசைக்காரர் என்பார்கள். சுவரில் அவருடைய ஸ்பானர்கள் ஒவ்வொன்றுக்கும் அதனதன் உருவத்தில் பெயின்ட் அடித்த இடம் உண்டு. ஒன்று இடம் மாறினாலும் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அவர் வீடும் இறக்கத்துத் தெருவில்தான், கீழ்க்கோடியிலிருந்து இரண்டாவது வீடு.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே," என்றார். "கொஞ்சம் கரகரங்குது. எனக்கும்தான் காலைல தொண்டை கரகரங்குது. அதுக்காக அறுத்தா பாக்குறாங்க?"

"அண்ணே, காதுக்குக் கேக்குற நேரத்துக்கு அது செத்துப்போயிருக்கும்."

"போன வருஷமும் இப்படித்தான் சொன்ன."

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் குரல் மாறவில்லை. "போன வருஷம் தப்பு. இது தப்பில்ல."

ஆகட்டும் சார் மேல்நெற்றியைத் தேய்த்தார். "சரி. ஒண்ணை நிறுத்தினா ரெண்டு ஓடணும். ரெண்டாம் நம்பர் எப்படி?"

நாடியக்கா பதிவேட்டைப் புரட்டினாள். இரண்டாம் நம்பர் மோட்டாரின் பக்கம். ஒன்பது மாதமாக அது ஓடவில்லை. ஒவ்வொரு மாதமும் எண்கள் இருக்க வேண்டிய கட்டத்தில் 'நிற்கிறது' என்று அவளே எழுதியிருந்தாள். பக்கம் முழுவதிலும் சிவப்பு மையில் ஒரு எழுத்துகூட இல்லை.

"அதுல ஒரு குறையும் இல்ல சார்," என்றாள்.

"புது மாப்பிள்ளை சார் அது," என்றார் பிட்டர், முதல் தடவையாக அவள் பக்கம் சேர்ந்துகொண்டு. "தொட்டுத் தொடைச்சு வெச்சிருக்கேன்."

"அப்ப நீங்களே கையெழுத்து போடுங்கம்மா. நாளைக்கு எண்பது வீட்டுக்காரனும் என் வாசல்ல வந்து நின்னா நான் உங்க கையெழுத்தைத்தான் காட்டுவேன்."

போட்டாள். பேனா நிப்பு தாளில் பதிகிற அளவுக்கு அழுத்திப் போட்டாள்.

இரண்டாம் நம்பரை மேலேயிருந்து ஆபரேட்டர் கிளப்பினார். சீறிக்கொண்டு எழுந்தது, கரண்டு சரியாக இழுத்தது, கிணற்றின் மட்டம் இறங்கத் தொடங்கியது. பத்து நிமிடம் பார்த்துவிட்டு ஒன்றாம் நம்பரை நிறுத்தி, பிட்டர் வேலையில் இறங்கினார். கழற்றிய போல்ட்டுகளைக் கழற்றிய வரிசையிலேயே அட்டையில் குத்தி வைத்தார். பதினொன்றேகாலுக்குப் பேரிங், இழுத்துக் கழற்றும் புல்லரின் பிடியில் முனகிக்கொண்டு வெளியே வந்தது. வருகிற வேகத்தில் குண்டுகளைப் பிடித்திருந்த உள்கூண்டு கிழிந்து குண்டுகள் நாலாபுறமும் ஓடின.

வெளி வளையத்தை வெளிச்சத்தில் காட்டினார். கட்டைவிரல் நகம் அளவுக்கு உள்தோல் பெயர்ந்து, சொரசொரவென்று பள்ளமாயிருந்தது.

பிட்டர் அதை விரல் நுனியால் தடவிப் பார்த்தார். நாடியக்காவிடம் நீட்டினார். "காய்ச்சல் நிஜம்தான்."

நாடியக்காவுக்கு ஒரு டீ குடித்தால் தேவலை போலிருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இரும்புப் படியில் கால் வைத்தவள், பதிவேட்டில் ஒன்பது மாதத்துக்குப் பிறகு எழுத ஓர் எண் கிடைத்திருக்கிறதே என்ற நினைப்பில்தான் திரும்பினாள். சந்தேகப்பட்டுத் திரும்பவில்லை. ஓடுகிற இரண்டாம் நம்பரின் முதுகில், பம்போடு இணைக்கும் கப்ளிங் பக்கப் பேரிங்கின் மேல், சென்சாரை வைத்தாள்.

ஒன்பது.

எடுத்தாள். துடைத்தாள். வைத்தாள். ஒன்பதரை. சென்சாரின் கம்பியை மாற்றினாள். வேறு பக்கம் வைத்தாள். கீழே சீப்பின் பல், சம இடைவெளியில், சற்றுமுன் பிரித்த மோட்டாரில் பார்த்த அதே அழகில்.

வெப்பமானியைக் காட்டினாள். ஐம்பத்திரண்டு டிகிரி. பத்து நிமிடம் அங்கேயே நின்றாள். ஐம்பத்தெட்டு.

"அண்ணே, இதை யாராவது ஓட்டினாங்களா? நடுவுல, எப்பவாவது?"

"ஒரு நிமிஷம்கூட இல்ல. ஏன்?"

"ஓடாத மோட்டார்ல பேரிங் எப்படிக் கெடும்?"

பிட்டர் புது பேரிங்கை உறையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்தினார். "என்ன சொல்ற?"

அவள் பார்வை தரையில் ஊர்ந்தது. இரண்டு மோட்டார்களும் ஒரே இரும்புச் சட்டத்தின் மேல் உட்கார்ந்திருந்தன, ஒரே கட்டிலில் படுத்த இரண்டு பேர் மாதிரி. கழிவுநீர்ப் பம்பில் துணியும் முடியும் அடிக்கடி சிக்கும். ஒன்றாம் நம்பர் ஒன்பது மாதமும் குலுங்கிக்கொண்டேதான் ஓடியிருக்கிறது. அந்தக் குலுக்கல் சட்டத்தின் வழியாக இதற்கும் வந்திருக்கிறது. இது சுற்றவில்லை. குண்டுகள் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து, நிமிடத்துக்கு ஆயிரத்தைந்நூறு தடவை வளையத்தைத் தட்டியிருக்கின்றன. ஒன்பது மாதம். ஒவ்வொரு குண்டுக்கும் கீழே ஒரு குழி.

"பக்கத்து மோட்டார் குலுக்கலுல குண்டு ஒரே இடத்துல தட்டிக் குழி விழுந்திருக்கு. ஆனா இதைத் தடுக்கத்தானே வாராவாரம் கையால சுத்திவிடணும்னு பராமரிப்பு அட்டையில போட்டிருக்கு," என்றாள் மெல்ல. "சுத்துனா குண்டு இடம் மாறிடுமே."

பிட்டருக்கு முகம் சிவந்தது. "சுத்தாம இருந்தேன்னு சொல்றியா? அட்டையைப் பாரு. ஒவ்வொரு சனிக்கிழமையும் டிக் இருக்கு. பொய் டிக் போடுற ஆளா நான்?"

"சுத்துனீங்க. எப்படிச் சுத்துனீங்க? சும்மா காட்டுங்க."

அவர் ஒன்றாம் நம்பரின் கப்ளிங்கைக் கையால் பிடித்தார். அதன் மேல் வெள்ளைப் பெயின்டில் விரலகலக் கோடு இருந்தது. இரண்டாம் நம்பரிலும் அதே மாதிரி ஒன்று அவர் போட்டிருந்தார். "இப்படி முன்னால ஒரு சுத்து. அப்புறம் இப்படிப் பின்னால ஒரு சுத்து. கோடு மேல வந்து நின்னுடும்."

"பின்னால எதுக்குண்ணே?"

"எடுத்ததை எடுத்த இடத்துல வெக்க வேணாமா?"

சொல்லிவிட்டு அவரே கேட்டார், தன் வாயால் சொன்னதை. கை கப்ளிங்கிலிருந்து தானாக நழுவியது. ஒன்பது மாதம் வாரம் தவறாமல் ஒவ்வொரு குண்டையும் கிளப்பி, ஒரு சுற்று நடத்திக்கொண்டு போய், மறுபடி அதனதன் குழியிலேயே உட்கார வைத்திருக்கிறார். ஸ்பானரைச் சுவரில் மாட்டுகிற மாதிரி.

"சோம்பேறி ஒருத்தன் இந்த வேலையில இருந்திருந்தா மோட்டார் பொழைச்சிருக்கும்," என்றார் கடைசியில். சிரிக்கவில்லை.

"உங்களை மட்டும் சொல்லாதீங்க. நான் மாசாமாசம் வந்தேன். இது மேல ஒரு தடவை சென்சாரை வெச்சிருந்தா, நிக்கிற மோட்டார் ஏன் குலுங்குதுன்னு கேட்டிருப்பேன். வெக்கல. காலைல வெறும் பக்கத்தைப் பாத்துட்டுக் குறையில்லைன்னு சொன்னேன். கையெழுத்தும் போட்டேன்."

கழற்றிய பேரிங் திரும்பச் சேராது. உள்கூண்டு கிழிந்து கிடக்கிறது. ஸ்டோரில் இருந்தது ஒரே ஒரு புது பேரிங். அதை ஒன்றாம் நம்பரில் ஏற்றி, மூடி, பம்போடு நேர்கோட்டில் நிறுத்திக் கிளப்ப நாலு மணி நேரம் ஆகும். அதுவரை இரண்டாம் நம்பர் தாங்க வேண்டும். எந்த நேரமும் உடையலாம், உடையாமலும் போகலாம். அதை அளந்து சொல்ல எந்த மீட்டரும் கிடையாது.

அவள் மேலே ஓடினாள். ஆகட்டும் சார் கேட்டுவிட்டு நாற்காலியில் பின்னால் சாய்ந்தார்.

"கிரீஸ் அடிச்சா எண்ணு இறங்குமே?"

"எண்ணுதான் சார் இறங்கும். குழி அப்படியேதான் இருக்கும். காஞ்சு போயிருக்கும், நாலு அமுக்கு அடிக்கிறேன். அதுக்கு மேல அடிச்சா சூடுதான் ஏறும்." மூச்சு வாங்கினாள். "இறக்கத்துத் தெருவுக்கு இப்பவே சொல்லிடணும். குழியெல்லாம் சாக்கு வெச்சு அடைக்கச் சொல்லணும். தரையில இருக்குறதை மேல ஏத்தச் சொல்லணும்."

"இன்னும் ஒண்ணும் ஆகலையேம்மா."

"ஆன பிறகு சொல்லி என்ன சார்?"

"காலைல இதை நிறுத்துன்னீங்க. இப்ப அதுவும் போச்சுங்கிறீங்க. எண்பது வீட்டைக் கிளப்பிவிட்டு, ஒரு சொட்டும் வரலைன்னா? போன வருஷத்தோட சேத்து ஊரே சிரிக்கும். அப்புறம் மீட்டரை நான் உங்க கையில விட முடியாது. பழையபடி உக்காந்து எண்ணு எழுத வேண்டியதுதான். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்தாள். பதினொரு வருடம் உட்கார்ந்த அந்த மேசை, அதன் இழுப்பறையில் சிக்கிக்கொள்கிற தாழ்ப்பாள், எல்லாம் கண்ணுக்கு முன் வந்தன. வேறு எதற்கு வேண்டுமானாலும் போகலாம், அங்கே மட்டும் திரும்பப் போகக்கூடாது என்றுதான் இத்தனை வருடம் பல்லைக் கடித்தாள்.

"சிரிக்கட்டும் சார். சொல்லிடுங்க."

"ஆகட்டும்," என்றார் அவர், நீளமாக மூச்சை விட்டு. போனை எடுத்தார்.

கீழே பிட்டர் ஏற்கெனவே தன் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, புது பேரிங்கைச் சூடாக்கியின் மேல் வைத்துக்கொண்டிருந்தார். "நான்தான்... இல்ல, சாப்பாட்டுக்கு வர முடியாது. கேளு. குளியலறைக் குழியைச் சாக்கு போட்டு அடை. மேல அம்மிக்கல்லைத் தூக்கி வை... ஏன்னா நான் சொல்றேன். பக்கத்து வீட்டுலயும் சொல்லு... யாரு தப்புன்னு இப்ப என்ன, வந்து சொல்றேன்."

பேரிங் நூற்றுப்பத்து டிகிரிக்குச் சூடேறி விரிய வேண்டும். விரிந்த சில வினாடிக்குள் அச்சில் ஏற்றிவிட வேண்டும். பிட்டர் தடித்த கையுறையில் அதை ஏந்திக்கொண்டு வந்து ஒரே தள்ளலில் ஏற்றினார். நாடியக்கா அந்தப் பக்கம் விளக்கைப் பிடித்தாள், இந்தப் பக்கம் ஓடி வந்து இரண்டாம் நம்பரின் சூட்டைப் பார்த்தாள். அறுபத்தாறு. எழுபத்தொன்று. எண் பதிமூன்று. ஒரு மணிக்கு எழுபத்தாறு. ஒன்றேமுக்காலுக்கு எண்பத்தொன்று. கண்கொத்திப் பாம்பாக நின்றாள். இப்போது ஸ்க்ரூடிரைவர் எதுவும் தேவைப்படவில்லை. தகரத்தில் ஆணியால் கீறுகிற மாதிரிச் சத்தம் அறை முழுவதும் கேட்டது.

இரண்டேகாலுக்கு ஆபரேட்டர் மேலேயிருந்து எட்டிப் பார்த்தார். "மழை வந்துடுச்சு. மாலைன்னு சொன்னான், மத்தியானமே கொட்டுது."

கிணற்று மட்டம் இரண்டு மீட்டர் அறுபதில் இருந்தது. இரண்டாம் நம்பர் ஓடுகிற வரை ஏறாது.

இரண்டே முக்காலுக்கு ஒன்றாம் நம்பர் மூடியாயிற்று. அதன் மேலே கையை வைத்துப் பார்த்துவிட்டுப் பிட்டர் நிமிர்ந்தபோது, நாடியக்கா இரண்டாம் நம்பரிடமிருந்து ஓரடி பின்வாங்கியிருந்தாள். தொண்ணூற்றெட்டு டிகிரி. பேரிங் மூடியின் ஓரத்தில் கிரீஸ் உருகித் தேன் மாதிரி வழிந்தது. வெந்த எண்ணெய் நெடி.

"நிறுத்தணும்," என்றாள்.

"என்னது?"

"இப்ப நிறுத்தினா பேரிங்தான் போகும். ஓட விட்டா அச்சைக் கவ்விப் பிடிச்சுக்கும். அச்சு வளையும், கப்ளிங் தெறிக்கும். இந்த இடத்துல நாம ரெண்டு பேரும் நிக்கிறோம்."

"ஒண்ணை நேர்ப்படுத்த இன்னும் அரை மணி நேரம் வேணுமே. அதுவரைக்கும் கெணறு?"

"ஏறும்."

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். அது பிட்டரின் பார்வை இல்லை, கீழ்க்கோடியிலிருந்து இரண்டாவது வீட்டுக்காரரின் பார்வை. அவள் கண்ணைத் திருப்பிக்கொள்ளவில்லை. பிறகு அவரே கையை உயர்த்தி ஆபரேட்டருக்குச் சைகை காட்டினார். இரண்டாம் நம்பர் சிணுங்கிக்கொண்டே நின்றது. அந்த அறையில் அத்தனை அமைதியை இருவரும் அதுவரை கேட்டதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும்.

"மூணு மீட்டர்," என்று மேலேயிருந்து குரல் வந்தது.

மோட்டாரின் அச்சும் பம்பின் அச்சும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். மயிரிழை விலகினாலும் புது பேரிங்கைத் தின்றுவிடும். பிட்டர் மோட்டாரின் காலுக்குக் கீழே மெல்லிய தகடுகளைச் செருகினார். நூறில் ஒரு மில்லிமீட்டர் விலகலையும் காட்டுகிற டயல் கேஜின் முள்ளை நாடியக்கா படித்தாள்.

"பன்னெண்டு கூட."

தகடு. இறுக்கம். சுற்றல்.

"ஏழு கூட."

"மூணு எழுபது," மேலே.

பிட்டரின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அழுக்குக் கையோடு எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். அவர் மனைவியின் குரல் பதறவில்லை, அதட்டியது. "இங்க குழி கொடகொடங்குது. காத்து சாக்கைத் தள்ளுது. என்னதான் பண்ணிட்டிருக்கீங்க அங்க?"

"பாத்துட்டிருக்கேன்."

"பாக்கத்தானே போனீங்க காலைல?"

போனை வைத்தார். நெற்றியில் வியர்வை வடிந்தது. "போதும்மா. ஏழுதானே. கிளப்பிடலாம். மழை விட்டதும் சரி பண்ணிக்கலாம்."

"ஏழு நிறைய."

"என் வீடும்மா அது."

"தெரியும்ணே. இப்படியே விட்டா ராத்திரிக்குள்ள இதுவும் போகும். அப்ப மாத்திக்க எதுவும் இல்ல. எண்பது வீடும் போகும்."

அவர் ஸ்பானரை ஓங்கி எறியப் போகிறார் என்றே நினைத்தாள். எறியவில்லை. குனிந்தார். வியர்வையில் தகடு இரண்டு தடவை வழுக்கியது. அவள் டயலைத் தரையில் வைத்துவிட்டு, மண்டியிட்டு, தன் விரலால் தகட்டைப் பிடித்துக்கொடுத்தாள். இறுக்கினார்.

"நாலு பத்து."

"நாலு கூட," என்றாள் இவள், முள்ளைப் பார்த்து.

மறுபடி ஒரு தகடு. நகக்கண்ணில் வெட்டி வந்த ரத்தம் யாருடையது என்று இருவருக்கும் தெரியவில்லை.

"நாலு நாப்பது. என்ன செய்யட்டும்?" ஆபரேட்டரின் குரல் கீச்சிட்டது.

"ஒண்ணு," என்றாள் நாடியக்கா. "ஒண்ணு கூட. போதும், விடுங்கண்ணே. இறுக்குங்க."

"நாலு ஐம்பத்தஞ்சு."

கப்ளிங் போல்ட்டுகளைப் பிட்டர் எந்த வரிசையும் பார்க்காமல் கைக்கு அகப்பட்டதை எடுத்து மாட்டினார். மூடியைப் போட்டார். கையைத் தூக்கினார்.

ஒன்றாம் நம்பர் எழுந்தது. மணி மூன்றே கால். நாடியக்கா சென்சாரை வைத்தாள். கை தன் பாட்டுக்கு அந்த வேலையைச் செய்தது. ஒன்று புள்ளி இரண்டு. கீழே சீப்பும் இல்லை பல்லும் இல்லை, வெறும் தரைப்புல் மாதிரிச் சின்னச் சின்னக் கோடுகள்.

"நாலு எழுபது," என்றது குரல். கொஞ்ச நேரம் கழித்து, "நாலு எழுபதுலயே நிக்குது." பிறகு, "நாலு அறுபத்தெட்டு."

பிட்டர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மழை ஐந்து மணிக்கு ஓய்ந்தது. வேறொரு பம்பு அறையிலிருந்து பேரிங் ஒன்று லாரியில் வந்துகொண்டிருப்பதாக ஆகட்டும் சார் சொன்னார். மீட்டரைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. எத்தனை வீடு என்றுதான் கேட்டாள். ஆறு என்றார். கீழ்க்கோடியில் ஆறு வீடு, கணுக்கால் அளவு. மற்ற வீடுகளில் சாக்கு தாங்கிவிட்டது.

"நான் வீட்டுக்குக் கிளம்புறேன்," என்றார் பிட்டர்.

"நானும் வரேன்ணே."

"நீ எதுக்கு? அவ வாயில போய் விழணும்னு வேண்டுதலா?"

அவள் பின்னாலேயே நடந்தாள். இறக்கத்துத் தெரு நெடுகக் கட்டில்மேல் கட்டில் ஏற்றி, அதன்மேல் அரிசி டின்னும் டிவியும் பள்ளிக்கூடப் பையும் உட்கார்ந்திருந்தன. சும்மா ஏற்ற வைத்துவிட்டார்கள் என்று மேல்வீட்டுப் பெண்கள் சலித்துக்கொண்டே இறக்கினார்கள். கீழே போகப் போக நாற்றம் கூடியது.

கடைசியிலிருந்து இரண்டாவது வீட்டு வாசலில், சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, பிட்டரின் மனைவி கறுப்புத் தண்ணீரைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து இருவரையும் பார்த்தாள்.

"மோட்டாருக்கு நாடி பிடிக்கிறது இவங்கதானா?"

"இவங்கதான்," என்றார் பிட்டர். நடந்ததை அவரே சொன்னார்: தான் முன்னால் ஒரு சுற்று, பின்னால் ஒரு சுற்று சுற்றியதை, ஒன்றும் விடாமல். அவர் முடித்ததும் நாடியக்கா தன்னுடையதைச் சொன்னாள்: பார்க்காத மோட்டாரைக் குறையில்லை என்று சொன்னதை, இன்றே நிறுத்தச் சொல்லி அவசரப்படுத்தியதை. அந்த அம்மாள் குறுக்கிடாமல் கேட்டாள். கேட்டு முடித்தபின் தெருவின் இரு பக்கமும் பார்த்தாள்.

"ஆக, ரெண்டு பேரும் ஒழுங்கா வேலை பாத்திருக்கீங்க," என்றாள். "ஒழுங்கா பாத்ததுல என் அடுப்படி நாறுது."

தள்ளிக்கொண்டிருந்ததைச் சுவரில் சாய்த்தாள்.

"முன்கூட்டிச் சொல்லணும்னது யாரு?"

"அவங்கதான்," என்றார் பிட்டர்.

"ம்." உள்ளே போய் இரண்டு துடைப்பங்களை எடுத்து வந்து, ஆளுக்கு ஒன்றாக நீட்டினாள். "ஆறு வீடு. மூணு உனக்கு, மூணு இந்த மனுஷனுக்கு. நம்ம வீட்டைக் கடைசியா பண்ணுங்க. கோடிவீட்டுல முட்டி வலிக்காரி தனியா இருக்கா, அங்க முதல்ல போ."

நாடியக்கா மீட்டர் பையை அந்த வீட்டு ஜன்னல் கம்பியில் மாட்டினாள். கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு கோடிவீட்டுக் கதவைத் தட்டினாள். உள்ளேயிருந்து, "யாரது?" என்று குரல் வந்தது.

"பம்பு அறையிலிருந்து வரேன்," என்றாள். "தண்ணி தள்ளணும்."